பாட்டை நடுவில் நிறுத்துங்கள்

பௌர்ணமி அன்று சாயங்காலம் கடலூர் சில்வர் பீச்சிலோ புதுவைக் கடற்கரைச் சாலையிலோ போய் நின்றால், சூரியன் முதுகுப் பக்கம் இறங்குகிற நேரத்தில் எதிரே கடலிலிருந்து நிலா எழும்பும். இடுப்பில் இருக்கும் பிள்ளைக்கு 'நிலா நிலா ஓடி வா' பாட இதைவிடத் தோதான இடம் கிடையாது. மறுநாள் போனால் நிலா சுமார் 50 நிமிடம் தாமதமாக வரும். அதற்குள் பிள்ளை தோளில் தூங்கிவிடும். ஒரே ஒரு இடறல்தான். பாட்டு நிலாவை மலை மேலே ஏறி வரச் சொல்கிறது. கடலூருக்குக் கேப்பர் மலை உண்டு, ஆனால் அது இருப்பது மேற்கே. அதனால் 'அலை மேலே ஏறி வா' என்று மாற்றிப் பாடிவிடலாம். ஓர் ஒலியைக் கழற்றினால் மலை அலையாகிவிடுகிறது. இந்த மாற்றம் பிள்ளைக்கு எப்படிப் பயன்படும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

குழந்தைப் பாட்டு பேச்சை வளர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் பாடிக்கொண்டே இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இடைவெளி இல்லாமல் பாடினால் பிள்ளை கேட்கும், தலையாட்டும், அவ்வளவுதான். அதன் வாய் திறப்பது பாட்டு நிற்கிற இடத்தில். எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, பிள்ளை என்ன செய்தால் மறுபடி தொடங்குவது என்று தெரிந்துகொண்டால் வேலை பாதி முடிந்தது.

நான்கு வரிக்குள் என்ன இருக்கிறது

நிலாப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். 'ஓடி வா, நில்லாமல் ஓடி வா, மலை மேலே ஏறி வா, மல்லிகைப்பூ கொண்டு வா.' 'வா' நான்கு முறை வருகிறது. நான்கு முறையும் வரியின் கடைசியில். ஒரு வரியில் பிள்ளை முதலில் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் கடைசிச் சொல்லைத்தான். அதுவும் 'வா' போல ஒரே அசைவில் வாயைத் திறந்து சொல்லிவிடக்கூடிய சொல் என்றால் கேட்கவே வேண்டாம். இந்தப் பாட்டில் பிள்ளை முதலில் 'நிலா' என்று சொல்லும் என்று காத்திருந்து ஏமாற வேண்டாம். 'வா'தான் முதலில் வரும்.

அடுத்து ஒலிகளைக் கவனியுங்கள். 'நிலா', 'நில்லாமல்'. 'மலை', 'மல்லிகை'. ஒற்றை ல ஒரு பக்கம், இரட்டித்த ல மறுபக்கம். தமிழில் இந்த வித்தியாசம் பொருளையே மாற்றிவிடும்: புளி வேறு, புள்ளி வேறு. குறில் நெடிலும் அப்படித்தான்: பல், பால், கல், கால். அவசரப் பேச்சில் இந்த அளவுகள் ஓடி மறைந்துவிடும். தாளத்தோடு பாடும்போது குறில் சட்டென்று முடிகிறது, நெடில் இழுபடுகிறது, ஒற்று ஒரு கணம் நின்று அழுத்துகிறது. பிள்ளையின் காதுக்கு அளவுகோல் கிடைப்பது அங்கேதான்.

இலக்கணமும் கூடவே போகிறது. 'கை வீசம்மா' பாட்டில் 'கடைக்குப் போகலாம்', 'மிட்டாய் வாங்கலாம்', 'மெதுவாய்த் தின்னலாம்' என்று வாக்கியத்தின் சட்டம் மாறாமல் நிற்க, வினை மட்டும் மாறுகிறது. '-லாம்' என்ற ஒட்டு எதற்கு என்று பிள்ளைக்கு யாரும் விளக்குவதில்லை. சட்டம் அப்படியே இருந்து உள்ளே ஒன்று மட்டும் மாறுவதைத் திரும்பத் திரும்பக் கேட்டே அது புரிந்துகொள்கிறது. விரல் விளையாட்டில் 'அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம், ஆயாவுக்குக் கொஞ்சம்' என்று போகும்போது '-க்கு' ஐந்து விரலுக்கும் வந்துவிடுகிறது. தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முடியாத பாடம் இது.

இதில் புதிது ஒன்றுமில்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைப் பாருங்கள்: தால் என்றால் நாக்கு, சப்பாணி என்றால் கைகொட்டல், அம்புலி என்றால் நிலாவை விளையாட அழைப்பது. நாக்கு, கை, சுட்டும் விரல். பேச்சுப் பயிற்சியாளர்கள் இன்று கவனிப்பதும் இவற்றைத்தான்.

ஆங்கிலத்தில் ஓர் ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். மெக்லீன், பிரயன்ட், பிராட்லி ஆகியோர் இங்கிலாந்தில் சுமார் 3 வயதுக் குழந்தைகளுக்கு எத்தனை பாட்டு தெரியும் என்று பார்த்து, பிறகு பல ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்தார்கள். 1987-இலும் 1989-இலும் முடிவுகள் வெளியாயின. அதிகப் பாட்டு தெரிந்த பிள்ளைகள் சொல்லின் ஒலிகளைப் பிரித்துக் கேட்பதிலும் பின்னர் வாசிப்பதிலும் முன்னே இருந்தார்கள். இதை வைத்துப் பாட்டு பாடினாலே படிப்பு வந்துவிடும் என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் சேர்ந்து போகின்றன என்றுதான் அதற்கு அர்த்தம். அதோடு ஆங்கிலப் பாட்டு பெரும்பாலும் சொல்லின் வாலில் ஒத்துப்போகும். தமிழ்ப் பாட்டில் முதலெழுத்து ஒன்றும் மோனையும் இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகையும் உண்டு. நம் பிள்ளையின் காது சொல்லின் தலையையும் கவனிக்கப் பழகுகிறது.

முதல் விளையாட்டு: நண்டூருது

எட்டு, ஒன்பது மாதத்தில் தொடங்க இதைவிட எளிதானது இல்லை. பிள்ளையை மடியில் உங்களைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். உங்கள் முகம் அதன் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பிள்ளைக்கு உங்கள் வாய் நிழலாகத்தான் தெரியும். டிவியை அணையுங்கள். மிக்ஸி ஓடும்போது வேண்டாம்.

பிள்ளையின் உள்ளங்கையை விரித்து, உங்கள் முழங்கையாலோ விரலாலோ வட்டமாகப் பருப்பு கடையுங்கள். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கி ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொடுங்கள். வீட்டில் உண்மையில் இருப்பவர்களின் முறைப் பெயரைச் சொல்வது நல்லது. ஆயா பக்கத்தில் இருந்தால் 'ஆயாவுக்கு' என்று சொல்லி அவரைத் திரும்பிப் பாருங்கள். பிள்ளையும் திரும்பும். பேச்சுக்கு முன்னால் வர வேண்டிய திறமை அது: இன்னொருவர் பார்க்கும் பொருளைத் தானும் பார்ப்பது.

இப்போது இரண்டு விரல்கள் நண்டாகி மணிக்கட்டிலிருந்து மேலே ஏறுகின்றன. 'நண்டூருது... நரியூருது...' அக்குளுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்துங்கள். கை அங்கேயே நிற்கட்டும். புருவத்தைத் தூக்கி, வாயைக் 'கி' சொல்லப் போவதுபோல் வைத்துக்கொண்டு, மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு இந்தப் பத்து யுகமாகத் தெரியும்; மூன்றிலேயே கை ஓடிவிடும். ஓட விடாதீர்கள். பிள்ளை உங்கள் கண்ணைப் பார்க்கும், உடம்பைச் சுருக்கும், 'ஆ' என்று ஒரு சத்தம் போடும், அல்லது உங்கள் கையைப் பிடித்து இழுக்கும். இதில் எது வந்தாலும் அது பதில். உடனே 'கிச்சு கிச்சு கிச்சு!'

இப்படி மூன்று தடவை செய்தால் போதும். நான்காம் முறையில் பல பிள்ளைகள் முகத்தைத் திருப்பும். களைத்துவிட்டது என்று அர்த்தம், கெஞ்சிக் கூப்பிட வேண்டாம். சில பிள்ளைகளுக்குக் கிச்சுகிச்சு பிடிக்கவே பிடிக்காது. அவற்றுக்கு அக்குளுக்குப் பதிலாக வயிற்றில் மெல்ல ஓர் ஊதல், அல்லது கைதட்டல். நம் கடற்கரையில் நிஜ நண்டு ஓடுவதை ஒருநாள் காட்டிவிட்டால் 'நண்டு' என்ற சொல்லுக்குப் பொருள் கிடைத்துவிடும். பாட்டில் கேட்டு, பார்த்தே இராத பொருளின் பெயர் பிள்ளைக்கு வெறும் ஓசைதான்.

நிறுத்தும் முறை

ஒரே நேரத்தில் மூன்று பாட்டுக்கு மேல் வேண்டாம். ஒன்று கையாட்டும் பாட்டு, ஒன்று மடியில் ஆடும் பாட்டு ('சாய்ந்தாடம்மா' போல), ஒன்று தூங்க வைக்கும் பாட்டு. இரண்டு வாரம் அதே மூன்று. உங்களுக்கு அலுத்துப்போகும், பிள்ளைக்கு அலுக்காது. அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்தால்தான் அது இடைவெளியை நிரப்ப முடியும். ஒரு தடவைக்கு 3 முதல் 5 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. எண்ணெய் தேய்க்கும்போது ஒன்று, குளித்துத் துவட்டும்போது ஒன்று, கரண்ட் போன நேரத்தில் ஒன்று.

முதல் வாரம் முழுப் பாட்டையும், வழக்கமாகப் பேசும் வேகத்தைவிட மெதுவாக, அசைவோடு பாடுங்கள். எப்போதும் ஒரே அசைவு. 'வா' என்றால் கை உள்பக்கம் அழைக்க வேண்டும். நேற்று ஒன்று, இன்று ஒன்று என்று மாற்றினால் பிள்ளைக்குப் பிடி கிடைக்காது. இரண்டாம் வாரம் கடைசி வரியின் கடைசிச் சொல்லை மட்டும் விடுங்கள். 'மல்லிகைப்பூ கொண்டு...' கை அழைக்கும் நிலையில் நிற்கட்டும், வாய் மூடியிருக்கட்டும். ஐந்திலிருந்து பத்து நொடி. பிள்ளை கையை ஆட்டினால், 'ஆ' என்றால், 'பா' என்றால்கூட, 'வா!' என்று சந்தோஷமாக முடித்துவிடுங்கள். ஒன்றுமே வரவில்லையா? நீங்களே சாதாரணமாகச் சொல்லி மேலே போய்விடுங்கள். 'சொல்லு, சொல்லு' என்று கேட்ட அந்தக் கணமே பாட்டு பரீட்சையாகிவிடும்.

கடைசிச் சொல் நிலையாக வர ஆரம்பித்ததும் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் விடுங்கள். அதற்கும் பிறகு நடுச் சொல்: 'மலை மேலே ... வா.' இது சுமார் 2 வயதுக்கு மேல். 2½, 3 வயதில் வேண்டுமென்றே தப்பாகப் பாடுங்கள்: 'கடைக்குத் தூங்கலாம் கை வீசு.' பிள்ளை சிரித்துக்கொண்டே திருத்தும். திருத்துவதற்கு அது முழு வாக்கியத்தையும் மனசில் வைத்திருக்க வேண்டும். நம்மைவிடத் தனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்ற குஷியில் அதையும் செய்துவிடும்.

பச்சைக் குழந்தைக்கு இதெல்லாம் வேண்டாம். முகத்தை 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் வைத்து 'ஆராரோ' பாடினால் போதும். பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது அந்தத் தூரம்தான். மூன்று மாதத்துக்கு மேல் அது 'ங்க்கூ' என்றால் பாட்டை நிறுத்திவிட்டு நீங்களும் 'ங்க்கூ' என்று பதில் சொல்லுங்கள். உரையாடலின் முறை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பாட்டுச் சொல்லை வீட்டுக்குள் இறக்குவது

'எங்க பாப்பா பத்துப் பாட்டு பாடும், தண்ணி வேணும்னா மட்டும் கையைப் பிடிச்சு இழுக்கும்.' இந்தப் புகார் அடிக்கடி கேட்கிறது. பாட்டை ஒரே கட்டியாக மனப்பாடம் செய்த பிள்ளை அதிலிருந்து ஒரு சொல்லை உடைத்து எடுக்கத் தெரியாமல் நிற்கிறது. உடைத்துக் கொடுப்பது நம் வேலை. மஞ்சக்குப்பம் கடைக்கு உண்மையிலேயே கிளம்பும்போது செருப்பைக் கையில் எடுத்து 'கடைக்குப் போகலாம்' என்று பாட்டின் அதே ராகத்தில் சொல்லுங்கள். வாசல் தாண்டியதும் ராகத்தை விட்டுவிட்டுப் பேச்சாகச் சொல்லுங்கள். அப்புறம் 'கடைக்கு...' என்று நிறுத்துங்கள். ராகம் என்ற ஊன்றுகோல் இல்லாமல் 'போலாம்' வந்ததென்றால் சொல் பாட்டிலிருந்து இறங்கிவிட்டது. 2 வயதிலும் பாட்டு மட்டும் வருகிறது, தேவைக்கு ஒரு சொல்லும் வரவில்லை என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பாட்டின் தமிழ் வீட்டுத் தமிழாக இருப்பதே நல்லது. 'தின்னலாம்' உங்கள் வீட்டில் 'துன்னலாம்' என்றால் அப்படியே பாடுங்கள். வீட்டில் தெலுங்கோ உருதோ பிரெஞ்சோ பேசினால் அந்த மொழித் தாலாட்டு, அந்த மொழி விளையாட்டு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. பள்ளியில் சேரப்போகிறதே என்று ஆயா தனக்குச் சரளமாக வராத ஆங்கில ரைம்ஸைச் செல்போனைப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பதில்தான் நஷ்டம்: ஆயாவிடம் இருக்கிற பத்துப் பாட்டும் போய்விடும். மழையே போய்விடு என்று பாடும் அந்த ஆங்கிலப் பாட்டை ஐப்பசி, கார்த்திகை தவிர மற்ற மாதங்களில் நம் ஊரில் பாடுவதற்கே மனசு வராது என்பது வேறு.

செல்போன் பாட்டு

வீடியோ உங்களுக்காகக் காத்திருக்காது. பிள்ளை 'ஆ' என்றாலும் அது பாட்டுக்கு ஓடும், சும்மா இருந்தாலும் ஓடும். பதிலுக்குப் பதில் என்ற கண்ணி அறுந்துபோகிறது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. பாட்டு மறந்துபோனால் நீங்கள் தனியாகக் கேட்டுப் பழகிக்கொண்டு, பிள்ளையிடம் சொந்தக் குரலில் பாடுங்கள். சுருதி சேரவில்லை என்று பிள்ளை புகார் சொல்லாது. சோறு ஊட்டுவதற்காக வீடியோ ஓட விடுவது இன்னும் மோசம். 'மம்மு', 'ஆ காட்டு', 'போதும்', 'இன்னும்' எல்லாம் நாளைக்கு மூன்று வேளை கிடைக்கும் சொற்கள், அத்தனையும் வீணாகிறது.

வழக்கமாகத் தவறுவது எங்கே

விருந்தாளி வந்ததும் 'மாமாவுக்குப் பாடிக் காட்டு' என்பது. பிள்ளை முந்தானைக்குள் ஒளியும், அடுத்த நாள் உங்களோடும் பாட மறுக்கும்.

'நிலா'வை 'நிவா' என்றால் 'தப்பு, லா சொல்லு' என்று திருத்துவது. 'ஆமா, நிலா! பெரிய நிலா!' என்று சரியான ஒலியைத் திருப்பிக் கொடுத்தாலே போதும். ப, ம, த, ந முதலில் வரும். ர, ற, ழ, ள கடைசியில்தான். மரத்தை 'மயம்' என்று சொல்லும் 3 வயதுப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. ழகரத்துக்கு இன்னும் பொறுக்கலாம்; பழத்தைப் 'பளம்' என்றும் 'பயம்' என்றும் சொல்லும் பெரியவர்களே ஊரில் எத்தனையோ பேர்.

சத்தத்தைக் கூட்டுவது. பிள்ளை காதைப் பொத்துகிறதென்றால் குரலைத் தாழ்த்துங்கள், கைதட்டலை விடுங்கள், மெல்லிய முணுமுணுப்பில் தொடங்குங்கள்.

நாலு வயதில்: தட்டலும் மாற்றலும்

இப்போது மலை, அலை விளையாட்டுக்குத் திரும்பலாம். 'மலையில ம்ம்மை எடுத்துட்டா என்ன?' என்று கேளுங்கள். முதலில் புரியாது, நீங்களே இரண்டு மூன்று செய்து காட்டுங்கள். மணல் அணல் ஆகும், பேச்சில் அப்படி ஒரு சொல் இல்லை, சிரிப்பு வரும். சிரிப்பு வந்தால் விளையாட்டு பிடித்துவிட்டது. பட்டு, தட்டு, லட்டு, மொட்டு என்று எதுகை அடுக்குவதும் இந்த வயதுக்கு. பொருளே இல்லாத 'ஞொட்டு' சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒலி ஒத்ததா என்பதுதான் கேள்வி.

கைதட்டிச் சொல்லைப் பிரிப்பதில் பெற்றோர் வழுக்குகிறார்கள். எழுத்து எழுத்தாகத் தட்டினால் ம, ல், லி, கை, ப், பூ என்று ஆறு தட்டு வந்துவிடும். காதுக்குக் கேட்பது நான்கு: மல், லி, கைப், பூ. புள்ளி வைத்த மெய்யெழுத்தை முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடுங்கள். தமிழாசிரியர் வீட்டில் இருந்தால் 'நிலா' ஒரே நிரையசை என்பார். யாப்புக்கு அது சரி. பிள்ளையின் கைக்கு நி, லா என்று இரண்டு தட்டு.

எப்போது பாட்டு மட்டும் போதாது

12 மாதத்தில் 'பபப', 'மமம' என்ற மழலையே இல்லை, விரலால் சுட்டிக் காட்டவில்லை, பெயரைச் சொன்னால் திரும்பவில்லை. 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை. 2 வயதில் 'அம்மா வா' போலச் சொந்தமாக இரண்டு சொல் சேரவில்லை. எந்த வயதிலாவது வந்த சொற்கள் போய்விட்டன. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. 'ஆம்பளப் பிள்ளைக்கு லேட்டாத்தான் வரும்', 'அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான்' என்று ஆறுதல் சொல்ல ஆள் இருப்பார்கள். நாக்கில் தேன் தடவச் சொல்பவர்களும் உண்டு. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து, பொட்டுலிசம் என்ற நச்சுநோய் வரலாம்.

முதலில் காதுப் பரிசோதனை. கைதட்டினால் திரும்புகிறதே என்பது சாட்சி ஆகாது. தட்டும் கையின் அசைவைப் பார்த்தும் பிள்ளை திரும்பும். ஓரளவு கேட்கும் பிள்ளை தட்டலுக்குத் திரும்பிவிட்டு 'ச', 'ஃப' போன்ற மெல்லிய ஒலிகளைத் தவற விடும். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தாலும் சில வாரம் மந்தமாகக் கேட்கும். புதுவையில் ஜிப்மரிலும், கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013-இல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின்படி அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரண்டு முறை மருத்துவக் குழு பார்க்க வேண்டும். குழு வரும் நாளை அங்கன்வாடியில் கேட்டு வைத்துக்கொண்டு, பேச்சைப் பற்றி நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

போகும்போது கையில் ஒரு தாள் இருக்கட்டும். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் நிறுத்தினால் பிள்ளை என்ன செய்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்: பார்க்கிறதா, கை ஆட்டுகிறதா, ஓசை போடுகிறதா, சொல் வருகிறதா. வீட்டில் பாடும்போது இரண்டு நிமிடம் செல்போனில் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. புது இடத்தில், வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும், பிள்ளை ஒரு வார்த்தையும் பேசாது.